டேங்கில் பெட்ரோல் இல்லை

பெர்லின் நகரின் ஸ்பான்டாவ் பகுதி. பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருப்பது இங்கேதான். அதே பகுதியில் குடியிருக்கும் மதுரைத் தம்பி ஒருவர் எஃப் 800 ஜி.டி.யைப் பழைய வண்டியாக வாங்கியிருந்தார். 2013-ல் வந்த மாடல். இப்போது தயாரிப்பில் இல்லை.

பார்த்ததும் டேங்கைத் தட்டினேன். பிளாஸ்டிக் சத்தம். “அண்ணே, அதுல பெட்ரோல் கெடையாது” என்று சிரித்தார். உள்ளே ஏர் ஃபில்டரும் பேட்டரியும்தானாம். 15 லிட்டர் பெட்ரோலும் சீட்டுக்கு அடியில். மூடி, பின்னால் வலது பக்கம். பின்சீட்டில் மூட்டை கட்டியிருந்தாலும் அவிழ்க்காமல் பெட்ரோல் போடலாம். கனம் தாழ்வாக இருப்பதால், 213 கிலோ வண்டியை ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்த நான் முக்கி முனகவில்லை.

பின்சக்கரத்துக்குச் செயின் இல்லை, பெல்ட். மழையில் ஓட்டிவிட்டு வந்து, பழைய டூத் பிரஷும் மண்ணெண்ணெயுமாக நான் தொலைத்த ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனையோ! தம்பியின் நகக்கண்ணில் கறுப்பே இல்லை. பெல்ட்டுக்குப் பகை சரளைக்கல். மண்பாதைக்குப் போகும் எஃப் 800 ஜி.எஸ்.ஸில் அதே 798 சி.சி. இன்ஜினோடு செயினைத்தான் கோத்திருந்தார்கள்.

இன்ஜினில்தான் எனக்குப் பிடித்த சங்கதி. இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாகவே ஏறி, ஒன்றாகவே இறங்கும். ஓர் உரலில் இருவர் மாறி மாறிக் குத்தினால் தரை தாங்கும். இரண்டு உலக்கையும் சேர்ந்து விழுந்தால்? அந்த அதிர்ச்சியை ஈடுகட்ட, நடுவே பிஸ்டனே இல்லாத மூன்றாவது கனெக்டிங் ராடு எதிர்த்திசையில் ஆடிக்கொண்டிருக்கிறது. 90 குதிரைத்திறன். சத்தம் இனிமை என்று சொல்லமாட்டேன். உறுமலுக்கும் முனகலுக்கும் நடுவே ஏதோ ஒன்று.

என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆவுஸ் சாலைக்குப் போனார். 1921-ல் திறந்த, 1998 வரை கார் பந்தயம் நடந்த நேர்கோட்டுச் சாலை. இன்று அங்கே 100 கிலோமீட்டர்தான் வேகவரம்பு. இருபுறமும் காடு ஓடியது. என் முழங்கால் அதிகம் மடங்கவில்லை, முதுகும் புகார் சொல்லவில்லை. இந்த வண்டியில் வேகத்தைவிட வேலை மிச்சம்தான் பெரிது என்று எனக்குத் தோன்றியது.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க். அங்கே நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். “இரு தம்பி, நான் போடுறேன்” என்று குழாயை எடுத்துக்கொண்டு, நேராக ஹேண்டில் பக்கம் போய் நின்றேன். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. பின்சீட்டைத் தட்டிக் காட்டினார்.