தன்மையும் முன்னிலையும்

மக்களை வளர்த்தல் யாவரும் செய்வதொன்றாயினும் யாவர்க்கும் ஒரு தன்மைத்தாய் அமைவதன்று. ஒருசார் மக்கள் கேட்ட சொல்லை உடனே பயின்று, கண்ட முகத்தை நோக்கி நகைத்துப் பெற்றோரை எளிதின் மகிழ்விப்பர். மற்றொருசார் மக்களோ தம் உள்ளத்தைப் புலப்படுத்தும் வழி வேறாகப் பெற்றுப் பிறக்கின்றனர். அவ்வழி அறியாது பெற்றோர் இடர்ப்படுவர். பிள்ளைகள் அதனினும் மிக இடர்ப்படுவர். இதனை யான் காலங்கடந்தே அறிந்தேன். அறிதற்கு முன் என் மகளுக்குப் பெருந்தீங்கு இழைத்தேன். அதனை அன்பர்முன் மறையாது வைத்தல் கடனென்று கருதி இதனை எழுதப் புகுந்தேன்.

யான் இளமையில் ஆதீனப் பாடசாலையொன்றில் இலக்கண இலக்கியங்களும் சித்தாந்த சாத்திரங்களும் பாடங்கேட்டுப் பின்னர் 31 ஆண்டு பள்ளித் தமிழாசிரியனாயிருந்து ஓய்வுபெற்றவன். என் மகள் வயிற்றுப் பேரன் 3 வயது நிரம்பியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாரான்; விரல் நீட்டி ஒன்றைக் காட்டான்; விளையாட்டு வண்டியைக் கவிழ்த்து வைத்து அதன் சக்கரத்தையே சுழற்றி நெடும்பொழுது நோக்கியிருப்பான். மருத்துவர் ஆராய்ந்து ‘ஆட்டிசம்’ என்றனர். அது ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த பெயர். தமிழில் மதியிறுக்கம் என்றும் வழங்குவர். சொல்லாராய்ச்சியிற் பழகிய யான் அப்பெயர்களைக் கொண்டே பொருளைத் துணிந்து, ‘இவன் தன்னுள் அடைபட்டவன், பிறரை வேண்டாதவன்’ என முடிவு செய்துவிட்டேன். பெயரை அறிந்த அளவானே பொருளையும் அறிந்ததாகக் கருதுதல் எம்போல்வார்க்குள்ள பெருங்குற்றம்.

அவனுக்கு 4 வயதானபோது, மார்கழித் திருவாதிரை நாளில் எம்மூர்த் திருக்கோயிலுக்கு அவனைக் கூட்டிச் சென்றேன். ‘அப்பா, அந்தக் கூட்டத்தையும் ஒலியையும் அவனால் தாங்க முடியாது, வேண்டாம்’ என்று மகள் தடுத்தாள். ‘பழகினால் எல்லாம் சரியாகும்’ என்று கூறிப் போயினேன். தீபாராதனைக் காலத்தில் நாகசுரமும் தவிலும், மின்விசையால் இயங்கும் மணியும் முரசும் ஒருங்கே முழங்கின. பிள்ளை இருசெவியும் பொத்திக்கொண்டு அலறி வீழ்ந்து, கல்லில் தலையை மோதிக்கொண்டான். யானோ பலர் நோக்குகின்றனரே என்னும் நாணத்தால், அவன் கைகளைச் செவியினின்றும் வலிந்து நீக்கி, இறுகப் பற்றி நிறுத்த முயன்றேன். அருகு நின்ற முதியவரொருவர், ‘பெற்றவர்கள் செய்த முன்வினை, வளர்ப்பும் சரியில்லை’ என்றார். எங்களைத் தேடி விரைந்து வந்த என் மகள் அச்சொல்லைக் கேட்டாள். யான் மறுத்து ஒருசொல் உரைப்பேனென்று என் முகத்தை நோக்கினாள். யான் ஆமென்று தலையசைத்தேன்.

அதன்பின் 14 மாதம் அவள் என் இல்லத்திற்கு வந்திலள்.

அந்நாட்களில் வேறொன்றும் செய்ய இயலாதவனாய் இதுபற்றிய வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர், தாம் கண்ட 11 பிள்ளைகளின் இயல்பை விரிவாக எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டே வியன்னா நகரில் ஆன்சு ஆசுபெர்கர் என்பார், நன்கு பேசவல்லராயினும் பிறரோடு பழகுதலில் இடர்ப்படும் சிறுவர் சிலரைப்பற்றி எழுதினார். பின்னர் அறிஞர் சிலர், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணமென்று கூறத் தலைப்பட்டு, அத்தாய்மாரைக் குளிர்பதனப் பெட்டிக்கு ஒப்பிட்டு இகழ்ந்தனர். புருனோ பெட்டல்ஃகைம் என்பார் 1967-ஆம் ஆண்டிலும் ஒரு நூலெழுதி அக்கொள்கையைப் பரப்பினார். இத்தகைய மகனொருவனைப் பெற்ற உளநூலறிஞர் பெர்னார்டு ரிம்லாந்து, 1964-ஆம் ஆண்டிலேயே அதனை மறுத்து, இது பிறவியில் மூளையமைப்பைப் பற்றியதென்று நூலெழுதியிருந்தார். 1977-ஆம் ஆண்டில் 21 இரட்டையரிணைகளை ஆராய்ந்தோர், பிறப்புவழியே இதற்குப் பெரிதும் காரணமாதலைக் காட்டினர். தாய்மேற் சுமத்திய பழி இவ்வாறு ஆதாரமின்றி ஒழிந்தது. மேனாட்டார் ஆராய்ந்து கைவிட்ட அப்பழியை யான் ஒரு தலையசைப்பால் என் மகள்மீது ஏற்றினேன்.

வினையைப்பற்றி ஒன்று கூறுவேன். வினைக்கொள்கை ஒருவன் தன் வாழ்வைத் தான் ஆராய்ந்து திருந்துதற்கு அமைந்தது. பிறன் துயரை அளத்தற்குக் கோலாக அமைந்ததன்று. பிறர் வினையை அறிந்து ஊட்டுவான் இறைவனொருவனே. அதனை யாம் அறிந்தார்போல உரைத்தல் சித்தாந்தமன்று; செருக்கேயாம்.

ஒருநாள் துணிந்து மகளின் இல்லத்திற்குச் சென்று, என் பிழையைப் பொறுக்குமாறு வேண்டினேன். அவள் ஒன்றும் கூறாது உள்ளே வரவிட்டாள். பேரன் அப்போது சிறிது பேசத் தொடங்கியிருந்தான். பால் வேண்டியபோது, ‘உனக்குப் பால் வேண்டுமா?’ என்று தாயை நோக்கிச் சொன்னான். என் ஆசிரியத் தொழில் என்னை விடவில்லை. ‘எனக்குப் பால் வேண்டும் என்று சொல்’ எனத் திருத்தினேன். அவன், ‘எனக்குப் பால் வேண்டும் என்று சொல்’ என்று முழுவதும் திருப்பிச் சொன்னான்! மகள் நகைத்தாள். நெடுநாட்குப்பின் யான் கண்ட நகை அது.

‘அப்பா, நான் பால் கொடுக்கும்போதெல்லாம் அப்படித்தானே கேட்கிறேன்? அந்தக் கேள்விக்குப் பின்னே பால் வருகிறது. ஆகவே அந்தக் கேள்விதான் அவனுக்குப் பாலின் பெயர்’ என்று அவள் விளக்கினாள். பின், அவன் அருகமர்ந்து, அவன் சொல்லவேண்டுவதைத் தானே ‘எனக்குப் பால் வேண்டும்’ என அவன் வாய்மொழியாகச் சொல்லிக் கிண்ணத்தைக் கையிற் கொடுத்தாள். நாள்தோறும் இவ்வாறே செய்வாளாம். தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடத்தையும் 31 ஆண்டு பிறர்க்குக் கற்பித்த யான், ஒரு குழவியின் இடத்தில் நின்று அதன் சொல்லைக் கேட்க ஒருநாளும் முயன்றிலேன். அவன் இடமயங்கிக் கூறவில்லை. தான் பெற்ற சொல்லைப் பெற்ற வடிவிலேயே பேணி வைத்திருந்தான். இவ்வியல்பைக் கானரும் 1943-இலேயே குறித்துள்ளார்.

இனி, என் தம்பியின் பேர்த்தி ஒருத்தி உளள், 11 வயதினள். அவளுக்கும் மருத்துவர் இப்பெயரையே கூறினர். அவளோ ஓயாது பேசுவாள். பாடல்பெற்ற தலங்களைக் காவிரி வடகரை, தென்கரை என்னும் முறை பிறழாது உரைப்பாள். ஆயினும் குறிப்புமொழி அவளுக்கு எட்டாது. ஒருநாள் யான் சினந்து, ‘வாயை மூடு’ என்றேன். உணவு முடியுமளவும் அவள் ஒருகையால் வாயை மூடியபடியே உண்ணாதிருந்தாள். அதனைக் குறும்பென்று கருதி மேலும் சினந்தேன். அவள் சொல்லின் செம்பொருளை அவ்வாறே நிறைவேற்றினாள் என்பது பின்னரே விளங்கிற்று.

பேசாதானையும் பேச்சு ஓயாதாளையும் ஒருபெயரால் வழங்குதல் யாங்ஙனம் எனின், ஒளியின் நிறங்கள் ஒன்றினொன்று வேறாயினும் ஒரு தொடர்ச்சியாய் நிற்றல் போலென்க. இத்தகைய மகளொருத்தியைப் பெற்ற ஆங்கில மருத்துவர் லோர்னா விங் அம்மையார் இக்கருத்தை நிலைநாட்டினார். 2013-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் வகுத்த நோய்ப்பகுப்பும் இவை யாவற்றையும் ஒரு தொகுதியாகவே கொண்டது. ஆகலின், ஒரு பிள்ளைக்குப் பயன்பட்ட முறை மற்றொன்றுக்கு அவ்வாறே பயன்படுமென்று கொள்ளற்க.

என் மகளிடம் கற்றவற்றுட் சில கூறுவேன். ‘ஆண்பிள்ளை, மெதுவாகப் பேசும்’ என்று நாள்கழியாது மருத்துவரிடம் காட்டுக. பேச்சுப் பயிற்சி முதலியன இளமையிலே தொடங்குதல் நன்று. அன்றாடச் செயல்களைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுக. மாற்றம் உளதேல் முன்னரே அறிவிக்க. ஒன்றை வினவியபின், விடை வருமளவும் வாய்திறவாது காத்திருக்க. பிள்ளை அலறி வீழுங்காலத்து அஃது அடமன்று, தாங்கலாற்றாமை என்றுணர்ந்து, அடித்தலும் அறிவுரை கூறலும் செய்யாது, ஒலியும் ஒளியும் குறைந்த இடத்திற்குக் கொண்டுசெல்க. இதனை அறவே நீக்கும் மருந்து இன்றுகாறும் இல்லை. உண்டென்று பொருள்பறிப்பாரை நம்பற்க. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எண்ணப்பட்ட 21 வகையுள் இதுவும் ஒன்றாகலின், சான்றிதழ் பெறுதற்கு நாணற்க. சுற்றத்தார் அறிவுரை வழங்குவதை விடுத்து, வாரத்தில் ஒருநாளேனும் பிள்ளையைத் தாம் பார்த்துக்கொண்டு தாயை உறங்கவிடுக. அவள் வேண்டுவது அதுவே.

இப்பொழுது வாரந்தோறும், கூட்டம் கலைந்து நடை சாத்துதற்கு முன்னுள்ள அமைதியான பொழுதிற் பேரனைத் திருக்கோயிலுக்குக் கூட்டிச் செல்கின்றேன். ஒலிதடுக்கும் காதுறை அணிந்து வருவான். சந்நிதியில் நில்லான், மண்டபத்துத் தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, தனக்குள் ஏதோ இசைத்துக்கொண்டு வலம்வருவான். யானும் பின்செல்வேன்.

சென்ற மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டமையால் ஒரு வாரம் செல்ல இயலவில்லை. மறுவாரம் சென்றபோது அவன் வாயிற்படியில் நின்றுகொண்டு, என் முகத்தை நோக்காமலே, ‘உனக்குத் தாத்தா வேண்டுமா?’ என்றான். பிறரை வேண்டாதவனென்று யான் துணிந்த பிள்ளை கூறிய சொல் இது. யான் திருத்தவில்லை. ‘வேண்டும்’ என்று மட்டும் கூறி அவனருகே அமர்ந்தேன்.

திருக்கோயிலில் அலறும் பிள்ளையொன்றைக் காணும் அன்பர், அதன் தாயை நோக்கி ஒன்றும் உரையாது சிறிது வழிவிட்டு நிற்பாராக. அடியேன் வேண்டுவது இவ்வளவே.

சிவம்.