லாரி டயரும் ஒரு கொண்டைக்கடலையும்

எங்கள் ஊர் எளாவூர். சென்னையிலிருந்து வந்தால் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ரயில் நிலையம். ஊர்ப் பேரைச் சொன்னால் "ஓ, அந்த செக்போஸ்ட்டா?" என்பார்கள். ஆனால் எங்களுக்கு வேறொரு பெருமையும் உண்டு. மொட்டை மாடியில் ஏறி நின்றால் ராக்கெட் தெரியும்! ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இங்கிருந்து நேர்கோட்டில் 30 கிலோமீட்டர் சொச்சம்தான்.

ராக்கெட் பார்ப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதலில் நெருப்பு மட்டும் சத்தமே இல்லாமல் மேலே எழும். ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் கடகடவென்று சத்தம் வரும். அதற்குள் ராக்கெட் எங்கேயோ போயிருக்கும். அதாவது நாம் கேட்பது ஒன்றரை நிமிடம் பழைய சத்தம்.

2023 செப்டம்பர் 2, சனிக்கிழமை. காலை 11.50க்கு ஆதித்யா எல்1 கிளம்பியது. "சூரியனுக்கே ராக்கெட் விடுறாங்களாம்" என்று எங்கள் தெருவே மாடியில் நின்றது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி நம்ம செங்கோட்டைக்காரர் என்பதில் வேறு ஒரு சந்தோஷம்.

சூரியனுக்குப் போகிறது என்றால் சூரியனுக்குப் பக்கத்தில் போய் நிற்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் படித்துப் பார்த்தால், அது போக வேண்டிய தூரம் 15 லட்சம் கிலோமீட்டர். நிலவு இருக்கும் தூரத்தைப் போல நான்கு மடங்கு. சூரியனின் இழுப்பும் பூமியின் இழுப்பும் சேர்ந்து, பூமியோடு கூடவே சுற்ற வைக்கிற ஓர் இடம் அங்கே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் சுற்றினால் இரவு, பகல், கிரகணம் என்று எந்தத் தொல்லையும் இல்லாமல் சூரியனைப் பார்த்துக் கொண்டே இருக்கலாம். நான்கு மாதம் பயணம் செய்து 2024 ஜனவரி 6 அன்று அங்கே போய்ச் சேர்ந்தது.

சரி, சூரியன் எவ்வளவு தூரம்? 15 கோடி கிலோமீட்டர். 15 கோடியில் 15 லட்சம் எத்தனை சதவீதம்? ஒன்று! வெறும் 1 சதவீதம்! பி.காம். படிக்கிறவனுக்கு 1 சதவீதம் என்றால் புரோக்கர் கமிஷன்தான் ஞாபகம் வரும். நான்கு மாதம் ஓடிய ஓட்டம் கமிஷன் அளவுக்குத்தானா என்று ஆகிவிட்டது.

கோடிகள் மனதில் நிற்கவில்லை. அதனால் கால்குலேட்டரை எடுத்து ஊருக்குள்ளேயே ஒரு கணக்குப் போட்டேன். நீங்களும் கூட வாருங்கள்.

செக்போஸ்ட்டில் நிற்கும் ஒரு லாரியின் டயர்தான் சூரியன் என்று வைத்துக் கொள்வோம். குறுக்களவு ஒரு மீட்டர் சொச்சம். அப்படியானால் பூமி ஒரு கொண்டைக்கடலை. டயரிலிருந்து 115 மீட்டர் நடந்து போய் அந்தக் கடலையை வைக்க வேண்டும். அதிலிருந்து ஒரு அடி தள்ளி, கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக நிலவு. மனிதன் கால் வைத்த அதிகபட்ச தூரம் அந்த ஒரு அடிதான். ஆதித்யா நிற்பது கடலையிலிருந்து ஒரு மீட்டர் சொச்சத்தில். கடைசிக் கிரகமான நெப்டியூன் மூன்றரை கிலோமீட்டரில், கும்மிடிப்பூண்டி போகும் வழியிலேயே வந்துவிடும்.

அடுத்த டயர் எங்கே? சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம் பிராக்சிமா செந்தாரி. 4.24 ஒளியாண்டு தூரம். நம்முடைய லாரிக் கணக்கில் அது சுமார் 31,000 கிலோமீட்டர்! நிஜமான உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றினால் 40,000 கிலோமீட்டர்தான் வரும். என்ன, தலை சுற்றுகிறதா? எனக்கும் சுற்றியது.

இன்னொன்று. என் தங்கையின் நட்சத்திரம் திருவாதிரை. ஜாதகத்தில் மட்டும் பார்த்த பெயர். மார்கழி இரவில் கிழக்கே சிவப்பாகத் தெரியுமே, அதுதான். சூரியனைப் போல சுமார் 700 மடங்கு அகலம். சூரியன் இருக்கும் இடத்தில் அதைக் கொண்டு வந்து வைத்தால் பூமி, செவ்வாய் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்விடும். இன்று நம் கண்ணில் படும் அதன் வெளிச்சம், ஆங்கிலேயர்கள் மெட்ராஸில் கால் வைப்பதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பியது. ராக்கெட் சத்தம் ஒன்றரை நிமிடம் பழையது, சூரிய வெளிச்சம் எட்டு நிமிடம் பழையது, இதுவோ பல நூறு வருடம் பழையது!

இதையெல்லாம் படித்ததும் எனக்கு ஒருவிதமான ஞானம் பிறந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் "இந்தப் பிரபஞ்சத்தில் நாம் ஒரு தூசு" என்று சொல்லிக் கொண்டு திரிந்தேன். அரியர் விழுந்தபோது கூட அதைச் சொல்லித்தான் சமாளித்தேன் :)

அப்பா இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் ஃபர்னஸில் வேலை பார்க்கிறார், கான்ட்ராக்டில். ஸ்கிராப் உருகும்போது 1,600 டிகிரி. கலர் கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாது என்பார். சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரி என்றேன். "அவ்ளோதானா?" என்றார். மையத்தில் ஒன்றரைக் கோடி டிகிரி, ஒவ்வொரு நொடியும் 42 லட்சம் டன் எடை வெளிச்சமாகவும் சூடாகவும் மாறிப் போகிறது என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. டன் கணக்கு அவருக்குத் தெரியும்.

போன மார்கழியில் ஒருநாள் இரவு, மாடியில் உட்கார்ந்து தன் பாக்கெட் நோட்டைப் புரட்டிக் கொண்டிருந்தார். அந்த மாதம் இரண்டு நைட் ஓ.டி. காசு குறைகிறது. 1,400 ரூபாய். கான்ட்ராக்டர் இல்லவே இல்லை என்கிறாராம். மூன்றாவது முறையாகக் கூட்டிக் கொண்டிருந்தார்.

நான் திருவாதிரையைக் காட்டினேன். முழு விவரத்தையும் சொல்லிவிட்டு, "இவ்ளோ பெரிய ஆகாசத்துல 1,400 ரூபா எல்லாம் தூசுப்பா, விடு" என்றேன்.

அப்பா நிமிர்ந்து அந்த நட்சத்திரத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தூசுதான்டா. கண்ணுல விழுந்தா தெரியும்."

வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள்தான் அம்மா சொன்னாள், அது என் பரீட்சை ஃபீஸுக்காக எண்ணி வைத்திருந்த பணம் என்று.

எங்களுக்கு 'மெட்டீரியாலிட்டி' என்று ஒரு பாடம் உண்டு. ஒரு தொகை பெரிதா சிறிதா என்பது அந்தத் தொகையில் இல்லை, யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. பெரிய கம்பெனி ரவுண்டு செய்து விட்டுவிடும் தொகை பெட்டிக்கடையில் முதலுக்கே மோசம். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அப்பாவின் 1,400 ரூபாயைக் கொண்டு போய்த் திருவாதிரையின் பேரேட்டில் எழுதியது யார் குற்றம்?

பிறகு கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தைப் பற்றிப் படித்தேன். மெட்ராஸ் மாகாணத்தில் பஞ்சம் வந்து ஜனங்கள் செத்த பிறகு, மழை ஏன் பொய்க்கிறது, சூரியனைப் பார்த்தால் ஏதாவது பிடிபடுமா என்ற கேள்வி எழுந்தது. 1893ல் முடிவெடுத்து, 1901ல் வேலையைத் தொடங்கினார்கள். 1909ல் எவர்ஷெட் அங்கேதான் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றும் அங்கே சூரியனைப் படம் எடுக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்... அத்தனை பெரிய சூரியனை அண்ணாந்து பார்க்க வைத்ததில் ஒரு வேளைச் சோற்றுக் கவலைக்கும் பங்கு இருக்கிறது. சோற்றை மறப்பதற்காக அவர்கள் பார்க்கவில்லை.

அப்பா நோட்டை எடுத்துக் கொண்டு நேரில் போய்க் கேட்டார். ஒரு நைட் காசு அந்த வாரம் வந்தது, இன்னொன்று அடுத்த மாதம். ஃபீஸ் கட்டியாகிவிட்டது. நான் இப்போது தூசு வசனம் பேசுவதில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு ராக்கெட்டுக்கு அப்பாவும் மாடிக்கு வந்தார். நெருப்பு தெரிந்ததும் சத்தம் வரும்வரை எண்ணச் சொன்னேன். விரல் மடக்கி எண்ணினார். "தொண்ணூத்தி மூணு" என்றபோது ஜன்னல் அதிர்ந்தது. செல்போனில் பார்த்தேன், 93 நொடி.

அப்பாவின் கணக்கு தப்பாது.