பளபளப்புக்கும் ஒரு லிமிட் இருக்கு மக்கா!

“செம பளபளப்பு மச்சி... ஷோரூம்ல இருந்து இப்பதான் இறக்கின மாதிரி இருக்கு!” செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போறவங்க சொல்ற முதல் டயலாக் இதுதான். பாதி பேரம் அங்கேயே முடிஞ்சிடும்.

அந்தப் பளபளப்பு எங்கேயிருந்து வருதுன்னு இந்த செமஸ்டர் லீவுல ஒரு மாசம் பக்கத்துல நின்னு பார்த்தேன். இடம், எங்க ஊர் இரணியல். ரயில்வே ஸ்டேஷனுக்குப் போற வழியில ஒரு பெயின்ட்டிங் ஒர்க்‌ஷாப். மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு அங்கே வாத்தியார், ஊரே ‘ஆசான்’னு கூப்பிடுற பெயின்டர். டிங்கரிங், பட்டி, வாட்டர் பேப்பர்னு பல வருஷம் உழைச்ச கை. இப்ப போர்டுல ‘டீட்டெய்லிங்’னும் சேர்த்து எழுதியிருக்கார்.

ஒரு நாள் வந்து நின்ன வண்டியைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியலை. சான் ஸ்டார்ம்! 1998-ல் அறிமுகமான, கோவாவில் தயாரான நம்ம நாட்டு ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, ரெனோவோட 1149 சிசி எஞ்சின், ஃபைபர் பாடி. தயாரிப்பு நின்னு பல வருஷம் ஆச்சு. இந்த வண்டி சிவப்பு... ஆனா வெளுத்துப்போன சிவப்பு. வெயில்ல பார்த்தா பானட் முழுக்க சிலந்தி வலை மாதிரி கோடுகள். அழுக்குத் துணியால துடைச்சுத் துடைச்சு வந்த வினை!

ஓனர் அண்ணனுக்கு ஏக அவசரம். துபாய் விசா வந்தாச்சு, பத்து நாளைக்குள்ள விக்கணும். “ஆசானே, ஒரு கோடு தெரியப்பிடாது. வாங்க வாறவன் கண்ணு கூசணும்!”

“பாப்போம் மக்ளே. மொதல்ல தோலு எவ்வளவு இருக்குன்னு தெரியட்டும்.”

அந்தத் ‘தோலு’தான் மேட்டரே. கம்பெனியில அடிக்கிற பெயின்ட்டோட மொத்தத் தடிமன் பொதுவா 100-ல இருந்து 150 மைக்ரான். கீழே ப்ரைமர், நடுவுல கலர், மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட். கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரான் போல வரும். நம்ம தலைமுடி அதைவிடத் தடிமன்! பாலிஷ்னா எதையோ பூசி மினுக்குறதுன்னு நினைப்போம். உண்மை தலைகீழ். கோட்டோட ஆழத்துக்கு, சுத்தி இருக்கிற கிளியர் கோட்டையும் தேய்ச்சு எடுக்கிறதுதான் பாலிஷ். வெயிலோட புற ஊதாக் கதிரைத் தாங்குற சரக்கு அந்த லேயர்லதான் இருக்கு. ரொம்ப மெலிஞ்சா வெளுக்கும், உரியும். போனது போனதுதான், திரும்ப பெயின்ட் அடிக்கணும்.

இரும்பு பாடின்னா மீட்டரை வெச்சுத் தடிமனைப் பார்த்துடலாம். ஃபைபர்ல அந்த சாதா மீட்டர் வேலைக்கு ஆகாது. அல்ட்ராசோனிக் மீட்டர் வேணும், அது ஆசான்கிட்ட இல்லை. கண்ணும் கையும்தான் மீட்டர்.

முதல்ல ஷாம்பு வாஷ். அடுத்து ஒரு ஸ்ப்ரே அடிச்சதும் வண்டி மேல ஊதா ஊதாவா கண்ணீர் வடியுது! ரயில் சக்கரமும் பிரேக்கும் உரசிப் பறக்குற இரும்புத்தூள் பெயின்ட்டுல ஒட்டியிருந்தா அப்படித்தான் கலர் மாறுமாம். ஓனர் வீடு தண்டவாளத்தை ஒட்டித்தான். அழுகின முட்டை நாத்தம் தனி ட்ரீட். மிச்ச அழுக்கை, பிசைஞ்ச மாவு மாதிரி இருக்கிற கிளே கட்டி வழிச்சு எடுத்துச்சு.

அப்புறம் வெள்ளைத் துணியில காம்பவுண்டைத் தொட்டு ஓரமா ஒரு தேய்ப்பு. பானட்டுல துணி சிவக்கலை, அப்ப கிளியர் கோட் இருக்கு. டிரைவர் பக்கக் கதவுல தேய்ச்சா... துணி ரத்தச் சிவப்பு! கிளியர் கோட்டே இல்லாம அந்தக் கதவை மட்டும் யாரோ எப்பவோ மறுபடி அடிச்சிருக்காங்க.

மெஷினை எடுக்கிறதுக்கு முன்னால விளிம்பெல்லாம் டேப் ஒட்டினார். அங்கேதான் பெயின்ட் மெலிசா இருக்கும், சீக்கிரம் பிய்க்கும். காம்பவுண்ட், பாலிஷ்னு மூணு நாள். சிலந்தி வலை மறைஞ்சு, சிவப்பு மேல வந்துச்சு. பானட்டுல ஒரே ஒரு நீளக் கோடு மட்டும் போகலை. நகத்தை ஓட்டினா மாட்டுது. “நகம் மாட்டினா நாம நிறுத்தணும்” என்றார் ஆசான்.

ஓனர் விடலை. “தேய்க்காண்டாம். அந்தக் கோட்டை ரொப்புத பாலிஷ் ஒண்ணு உண்டும்லா, அதைப் போடுங்க. நாலு வாஷ் தாங்குமே. அதுக்குள்ள நான் துபாய்ல இருப்பேன்.”

“நீ துபாய்க்குப் போயிருவ மக்ளே. நான் இரணியல்லதான இருப்பேன்? வாங்குதவன் நாளைக்கு எங்கடையில வந்துல்லா நிப்பான்.”

ஓனர் முகம் சுருங்கிடுச்சு. ஆசான் பேச்சை வளர்க்கலை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணியில கலந்து வண்டி முழுக்கத் துடைச்சார். பாலிஷோட எண்ணெய்ப்பசை போனாத்தான் உண்மையான பெயின்ட் தெரியும். கடைசியா மெழுகு. கார்னோபா மெழுகு... பிரேசில் நாட்டுப் பனை ஓலையில இருந்து எடுக்கிறது! “நம்மூருல பனை இருந்தும் பாலிஷுக்கு ஆவலையே” என்று ஆசானுக்கு அதுல ஒரு வருத்தம்.

வாங்க வந்த பையனுக்குக் கோட்டையும் கதவையும் ஆசானே காட்டினார். பேரத்துல பதினஞ்சாயிரம் குறைஞ்சுது. ஓனர் கடுப்பாகி, கூலியில ரெண்டாயிரத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுத்தார். “ரெண்டாயிரம் போச்சே ஆசானே?” என்றேன். “போவட்டு. அந்த வாட்டர் பேப்பரை எடு”ன்னு அடுத்த வண்டிக்குப் போயிட்டார்.

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போறீங்களா ஃப்ரெண்ட்ஸ்? மழையில நனைஞ்ச வண்டியைப் பார்க்காதீங்க, தண்ணி எல்லாத்தையும் மறைக்கும். நம்ம மாவட்டத்துல ஜூன்லயும் மழை, ஐப்பசியிலயும் மழை, உஷார்! காய்ஞ்ச வண்டி மேல செல்போன் டார்ச்சைச் சாய்ச்சு அடிங்க. ஒரு கதவு மட்டும் கலர் வித்தியாசமா இருந்தா ஏன்னு கேளுங்க. கோட்டுல நகத்தை ஓட்டிப் பாருங்க.

‘பக்கா கண்டிஷன், ஒரு குறை கிடையாது’ங்கிறவரைவிட, ‘இந்தா, இங்கே ஒரு கோடு இருக்கு’ன்னு காட்டுறவர்கிட்ட அட்வான்ஸ் கொடுங்க மக்கா!