வெளிச்சமும் வெளுப்பும்

புகைப்படக் கலையில் ‘ஹை கீ’ என்றொரு வகை உண்டு. உயர் ஒளிப் படம் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். படத்தின் பெரும்பகுதி வெண்மையாகவும் இளஞ்சாம்பலாகவும் இருக்கும். கருமையோ கண்மணியிலும் இமையிலும் இதழ்க்கோட்டிலும் சில துளிகளாய் மட்டுமே நிற்கும். கறுப்பு வெள்ளையில் இவ்வாறு அமைந்த முகப்படம் காண்போர் மனத்தை ஒருவித அமைதிக்கு அழைத்துச் செல்லும். பணி ஓய்விற்குப் பின் இத்தகைய படங்களைக் கணினியில் உருவாக்கப் பழகி வருகிறேன். அப்பழக்கம் என்னுள் எழுப்பிய ஒரு வினாவையே இங்குப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். ஒரு முகத்திற்கு வெளிச்சம் தருவதும் அதனை வெளுத்துவிடுவதும் ஒன்றுதானா?

இவ்வெண்மை கணினியில் பிறப்பதன்று. படம் எடுக்கும்போதே பிறக்கிறது. முகத்திற்குப் பின்னே ஒரு வெள்ளை விரிப்பு, பக்கத்தில் சன்னலின் ஒளி, நிழலைத் தணிக்க எதிர்ப்புறம் ஒரு வெள்ளை அட்டை ஆகியவை போதும். ஆனால் கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுச்சாம்பலாகவே கருதும் இயல்புடையது. அதன் சொற்படி நடந்தால் வெள்ளை விரிப்பும் சாம்பலாகிவிடும். ஆகவே அது காட்டும் அளவைப் போல் இருமடங்கு ஒளியையாவது உள்ளே விடவேண்டும்.

அடுத்தது கணினிப் பணி. 1990-இல் வெளிவந்த ‘போட்டோஷாப்’ ஆயினும், இலவசமாகக் கிடைக்கும் ‘கிம்ப்’ ஆயினும் அடிப்படை ஒன்றே. வண்ணப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று தடங்களால் ஆனது. ஒவ்வொரு தடத்திலும் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 என்பது முழு இருள். மூன்று தடங்களிலும் 255 எனில் முழு வெண்மை. வண்ணத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பில் 30, பச்சையில் 59, நீலத்தில் 11 விழுக்காடு எடுத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். ‘சேனல் மிக்சர்’ என்னும் கருவியால் இவ்விகிதத்தை நாமே மாற்றலாம். மனிதத் தோல் எந்நிறத்ததாயினும் சிவப்பொளியையே மிகுதியாகத் திருப்பித் தருகிறது. எனவே சிவப்புத் தடத்தைக் கூட்டினால் முகம் ஒளிரும்; வடுக்கள் மங்கும். நீலத்தைக் கூட்டினால் அவை துலங்கும். பின்னர் ‘கர்வ்ஸ்’ என்னும் வளைகோட்டின் நடுப்பகுதியை உயர்த்தி, அடிப்பகுதியை அசையாமல் நிறுத்தினால் கண்மணியின் கருமை காக்கப்படும்.

இங்குதான் சோதனை வந்தது.

என் அத்தை தூத்துக்குடி உப்பளத்தில் நாற்பது ஆண்டுகள் உழைத்தவர். வெண்மையின் நடுவே கருமையாய் வாழ்ந்தவர். உப்பின் கண்கூச்சத்தால் கண்களை இடுக்கி இடுக்கியே ஓரங்களில் ஆழ்ந்த கோடுகள் விழுந்திருந்தன. நோயுற்றுப் படுத்திருந்த நாள்களில், வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு படம் எடுத்துத் தருமாறு அவரே கேட்டார். அது எந்த நாளுக்கான படம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வெள்ளைச் சேலையில் சன்னலருகே அமரவைத்து எடுத்தேன்.

அத்தான் கணினித் திரையைப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை, அம்மாவக் கொஞ்சம் செவப்பாக்கிக் குடுங்க. வாரவங்க பாப்பாங்கல்லா” என்றார். அன்பினால் சொன்ன சொல்தான் அது. வெளுத்த நிறத்தைச் ‘சிவப்பு’ என்றுதானே நாமும் சொல்கிறோம்! சிவப்புத் தடத்தை உயர்த்தினேன். அத்தையின் முகம் நொடியில் வெளுத்தது. கண்ணோரக் கோடுகள் கரைந்தன. எவரோ ஒரு மூதாட்டி திரையில் புன்னகைத்தார். என் அத்தையை அங்குக் காணவில்லை.

கட்டிலிலிருந்து அத்தை கேட்டார்: “என்ன மருமவனே, அதுல நான் இருக்கேனா?”

அந்தக் கேள்விக்குப்பின் என் கை தானாகவே பழைய நிலைக்குத் திரும்பியது.

வெளுப்பே அழகென்னும் எண்ணம் நம் வீடுகளோடு நிற்பதன்று. வண்ணப் படச்சுருளின் காலத்தில் படம் அச்சிடும் கூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் ‘ஷெர்லி’ என வழங்கப்பட்ட மாதிரி அட்டைகளை அனுப்பியது. அவற்றில் இருந்தது வெள்ளையினப் பெண்ணின் படம். பல பத்தாண்டுகள் அத்தோலே அளவுகோல். பல நிறத்து மகளிரைக் கொண்ட அட்டை 1990-களில்தான் வந்தது. ஆயினும் வேறு வழியும் இருந்தது. அமெரிக்கக் கலைஞர் ரிச்சர்ட் அவடான் 1979 முதல் 1984 வரை அந்நாட்டின் மேற்குப் பகுதிகளில் சுரங்கத் தொழிலாளரையும் நாடோடிகளையும் தூய வெள்ளைத் தாளின் முன் நிறுத்திப் படம் எடுத்தார். பின்னணி முற்றும் வெண்மை. முகங்களிலோ கரியும் வியர்வையும் சுருக்கமும் அப்படியே இருந்தன.

அவ்வழியையே நானும் கொண்டேன். ‘மாஸ்க்’ எனப்படும் மறைப்பை முகத்தின்மேல் இட்டு, விரிப்பையும் சேலையையும் மட்டும் உயர்த்தினேன். சேலையின் எண்களை 245-ஐத் தாண்டவிடவில்லை. 255-ஐத் தொட்டுவிட்டால் அங்கு நூலிழையும் மடிப்பும் இரா, வெறுந்தாளே எஞ்சும். முகத்தின் கருமையில் கைவைக்காமல், கண்ணில் தெறித்த சன்னலொளியைச் சற்றே துலக்கினேன். படம் முழுதும் வெளிச்சமாயிற்று; அதன் நடுவே அத்தை அத்தையாகவே இருந்தார். அத்தான் நெடுநேரம் பார்த்தார். “அம்மாதான்” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. இரு மாதங்களில் அப்படத்திற்கு மாலை விழுந்தது.

வெளிச்சம் என்பது உள்ளதைக் காட்டுவது. வெளுப்போ உள்ளதை அழிப்பது. முன்னதற்குப் பொறுமை வேண்டும். பின்னதற்கு விரல்நுனி போதும். நம் இல்லச் சுவர்களில் எத்தனை முன்னோர்கள் தம் நிறம் இழந்து, தம் உழைப்பின் கோடுகள் இழந்து, பிறர் முகத்தோடு தொங்குகின்றனர்! நாளை நம் பேரப்பிள்ளைகள் அப்படங்களின் முன் நின்று தங்கள் கரிய முகத்திற்கு ஓர் உறவைத் தேடுவார்கள் அல்லவா? அவர்களுக்காகவேனும் அந்த முகங்களை அவற்றின் நிறத்திலேயே விட்டுவைப்போம்.