கைத்துப்பாக்கியும் உரிமப் புத்தகமும்

ரைஃபிள் கிளப்பில் பிஸ்டல் பழகப் போகிறவருக்குக் குறி பார்க்கச் சொல்லித்தரும் முன்பே ஒரு பழக்கத்தை ஏற்றிவிடுவார்கள். சுட்டு முடித்ததும் மேகசினைக் கழற்ற வேண்டும். ஸ்லைடைத் திறந்து, பளிச்சென்று தெரியும் சேஃப்டி ஃப்ளாக்கை சேம்பருக்குள் செருக வேண்டும். அதன் பிறகே இடத்தை விட்டு நகரலாம். எங்களுக்குக் கற்றுத்தந்த சார், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். “காலியா இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சா போதாது தம்பி, பக்கத்துல நிக்கிறவனுக்கும் தெரியணும்” என்பார். சொந்தமாக ஒரு .22 பிஸ்டல் வாங்க விரும்பி விதிகளைப் படிக்கத் தொடங்கியபோது, அவற்றுக்கும் இந்தச் சொல்லே உரையாக அமைந்தது.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 2019-இல் வந்த சட்டத் திருத்தம் ஆகிய மூன்றும் இந்தியாவில் துப்பாக்கி வாங்குபவருக்கு அடிப்படை. பிரிவும் உட்பிரிவுமாகப் படிக்கும்போது தலை சுற்றும். சார் அனைத்தையும் ஒரே கேள்விக்குள் அடக்கினார்: “இந்தத் துப்பாக்கி இப்ப யார் பொறுப்புல இருக்கு? எப்பக் கேட்டாலும் பதில் இருக்கணும்.” அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன், ஒவ்வொரு விதியின் காரணமும் விளங்கத் தொடங்கியது.

முதலில் ஆள், பிறகே ஆயுதம். விண்ணப்பிப்பவர் பொதுவாக 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். மாவட்டங்களில் கலெக்டரும் மாநகரங்களில் காவல் ஆணையரும் உரிமம் தருகிறார்கள். பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கும், உடலும் மனமும் நலமாக இருப்பதற்கும் சான்று கேட்பார்கள். வீட்டில் எப்படிப் பூட்டி வைப்போம் என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும். காவல் நிலையத்திலிருந்து விசாரணை வரும். உரிமம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. மறுப்பவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

உரிமம் கிடைத்ததும் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் நமக்கென ஒரு தனி அடையாள எண் ஏறிவிடுகிறது. கடையில் வாங்கும்போது துப்பாக்கியின் வகை, துளை அளவு, தயாரித்த நிறுவனம், உடலில் பொறித்த எண் என்று ஒவ்வொன்றும் பதிவாகும். உரிமப் புத்தகத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் ஆயுதத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கச் சார் பழக்கினார். இது வெறும் சம்பிரதாயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை ஒருவர் வைத்திருந்தாலே, அந்தக் குறியை அழித்தவர் அவர்தான் என்று சட்டம் கருதும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு.

எந்தத் துப்பாக்கியும் வாங்கிவிடலாம் என்றும் இல்லை. 9 மி.மீ. போன்ற தடை செய்யப்பட்ட ரகங்கள் சாதாரண உரிமத்தில் கிடைக்காது. அதனால்தான் தற்காப்புக்காக வாங்குபவர்கள் பெரும்பாலும் .32 ரிவால்வரையோ பிஸ்டலையோ வாங்குகிறார்கள், கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் நம் ஊர்க் கடைகளிலும் பழகிய பெயர். இலக்குப் பயிற்சிக்கு வருபவர்களுக்கு .22. தோட்டாக்களுக்கும் வரம்பு உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை, ஓராண்டில் எத்தனை என்பது உரிமத்தில் இருக்கும். வாங்குவது ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும்.

வாங்கிய பிறகு வரும் விதிகளைத்தான் புதியவர்கள் கவனிக்காமல் விடுகிறார்கள். பழகிய நண்பருக்கே விற்பதானாலும், அவரிடமும் உரிமம் இருந்தாலும், யாருக்கு விற்கிறோம் என்ற விவரத்தைக் கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்றலாம். உரிமம் இல்லாத ஒருவர் நம் துப்பாக்கியைப் பழுது பார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ கொண்டுபோகலாம். ஆனால் நாம் உடன் இருக்க வேண்டும், அல்லது நம் எழுத்துமூல அனுமதி அவர் கையில் இருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகள்தான், முன்பு மூன்று. போட்டி வீரர்களுக்குத் தனி விலக்குகள் உண்டு. உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டிருக்கிறது. நீண்டதாலேயே முடியும் தேதி மறந்துபோகும் என்று சார் எச்சரிப்பார்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து தகவல் வருவது தமிழ்நாட்டில் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு வழக்கமானது. ஒப்படைத்ததற்கான ரசீதை உரிமத்தோடு பத்திரமாக வைக்க வேண்டும், அந்த நாட்களில் “யார் பொறுப்பில்?” என்ற கேள்விக்குப் பதில் அந்த ரசீதுதான்.

பல குடும்பங்கள் அறியாத விதி இன்னொன்று. தாத்தா காலமாகிவிடுகிறார், அவருடைய ஒற்றைக் குழல் துப்பாக்கி பரண் மேலேயே கிடக்கிறது. உரிமம் அவர் பெயரில்தான் இருந்தது. பிள்ளைகளிடம் அந்த ஆயுதத்துக்கு உரிமம் இல்லை. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வேண்டுமானால் வாரிசு தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. நினைவுப் பொருள் என்ற பாசம் அங்கே செல்லாது. இந்த ஒரு விதியையாவது துப்பாக்கி உள்ள வீடுகளில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

இந்த விதிகளைக் கெடுபிடி என்று சொல்பவர்கள் கிளப்பிலேயே உண்டு. அலைச்சல் அதிகம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் நல்ல குணத்தை அக்கம்பக்கத்தார் நம்பித்தான் ஆக வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. என் வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி இருப்பதால் வரும் ஆபத்தில் அவர்களுக்கும் பங்குண்டு. அது எங்கே, யாரிடம், எந்த எண்ணோடு இருக்கிறது என்பதைச் சரிபார்க்க அவர்கள் சார்பில் ஒரு பதிவேடு இருப்பதுதான் நியாயம். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடைக்குப் போகும் முன் சட்டத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள், சந்தேகத்தை உரிமம் தரும் அலுவலகத்திலேயே கேளுங்கள், வீட்டில் பொறுப்பான ஒருவருக்கும் இந்த விதிகளைச் சொல்லி வையுங்கள். பத்து வளையத்தில் குண்டு விழப் பல ஆண்டு ஆகலாம். பதிவேட்டைச் சரியாக வைத்திருப்பதை முதல் நாளிலேயே செய்ய முடியும்.