எக்ஸ் குறிகள் உதிர்ந்த பிறகு

"கடைசி பத்து நிமிஷத்தைக் கட் பண்ணியிருந்தா இது மாஸ்டர்பீஸ்டா" என்றான் அறை நண்பன்.

பீளமேட்டில், ஹோப் காலேஜ் ஸ்டாப்பிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் எங்கள் மொட்டைமாடி அறை. இரவு மணி ஒன்றரை. லேப்டாப்பில் 'கோஎ நோ கதாச்சி' அப்போதுதான் முடிந்திருந்தது. 'எ சைலண்ட் வாய்ஸ்' என்றால் நிறையப் பேருக்குத் தெரியும். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

இந்தக் கட்டுரையே முடிவைப் பற்றியதுதான். ஸ்பாய்லர் வேண்டாம் என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

யோஷிடோகி ஓய்மா 2013இலும் 2014இலும் வாரத் தொடராக வரைந்த மாங்கா இது, மொத்தம் ஏழு தொகுதிகள். 2016இல் கியோட்டோ அனிமேஷனுக்காக நவோகோ யமாதா படமாக்கினார். ஆறாம் வகுப்பில் புதிதாக வந்து சேர்கிறாள் நிஷிமியா. அவளுக்குக் காது கேட்காது. இஷிதா அவளைச் சீண்டுகிறான், காது மெஷினைப் பிடுங்கி எறிகிறான். விஷயம் பெரிதானதும் வகுப்பே சேர்ந்து பழியை அவன் ஒருவன் மேல் போட்டு ஒதுக்குகிறது. அதன்பின் அவனால் யார் முகத்தையும் பார்க்க முடிவதில்லை. எல்லார் முகத்திலும் ஒரு நீல எக்ஸ் குறி. சாக முடிவு செய்தவன், அதற்கு முன் நிஷிமியாவைத் தேடிப் போகிறான். அங்கிருந்துதான் அந்த நட்பு தொடங்குகிறது. கடைசிக் காட்சியில், பள்ளி விழாக் கூட்டத்தின் நடுவே அவன் நிமிர்ந்து பார்க்க, எக்ஸ் குறிகள் உதிர்கின்றன. அவன் அழுகிறான். படம் முடிகிறது.

"அந்தப் பொண்ணு பால்கனியில இருந்து குதிக்கற அளவுக்குப் போயிருக்கா. அப்புறம் ஒரு ஸ்கூல் விழா, ஒரு மியூசிக், எல்லாரும் பிரெண்ட்ஸ். நெஜத்துல இப்படி நடக்குமா?" இதுதான் நண்பனின் கேள்வி.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் 'சேது', 'காதல்', 'பருத்திவீரன்' பார்த்து வளர்ந்தவர்கள். மனசு கனத்துத் தியேட்டரை விட்டு வெளியே வந்தால்தான் அது நல்ல படம் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. ஆனால் சோகமும் ஒரு பார்முலா ஆகலாம். நாயகனைக் கொன்றுவிட்டால், மறுநாள் காலை அவன் எப்படி எழுந்திருப்பான் என்று எழுத வேண்டிய வேலை மிச்சம்.

அதனால் அன்று நான் படத்தின் பக்கம் நின்று வாதாடினேன். முடிவில் அப்படி என்ன சரியாகிவிட்டது? நிஷிமியாவின் காது அப்படியேதான் இருக்கிறது. உஎனோ கடைசிவரை முள்ளாகத்தான் இருக்கிறாள். ஆற்றில் விழுந்த இஷிதாவைத் தூக்கிவிட்டவர்களில் சிறுவயது நண்பன் ஷிமாதாவும் ஒருவன். ஆனாலும் அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசி ராசியாகும் காட்சி எதுவும் இல்லை. இஷிதாவால் தலை நிமிர்ந்து நாலு முகங்களைப் பார்க்க முடிகிறது, நாலு குரல்களைக் கேட்க முடிகிறது. அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்தது. அந்த அளவு நம்பிக்கை படத்தைக் கெடுக்கவில்லை என்றேன். நண்பன் கொட்டாவி விட்டு, "சரிடா, நீயே ஜெயிச்சே" என்று படுத்துக்கொண்டான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனிடம் ஒன்றைச் சொல்லாமல் ஜெயித்திருந்தேன்.

ஆறாம் வகுப்பில் என் பெஞ்சில் திக்கித் திக்கிப் பேசும் ஒரு பையன் இருந்தான். தமிழ் வாத்தியார் செய்யுளை வாசிக்கச் சொல்லி எழுப்பினால், முதல் எழுத்திலேயே அவன் குரல் மாட்டிக்கொள்ளும். அவனை மாதிரியே பேசிக் காட்டுவதில் நான் கெட்டிக்காரன். வகுப்பே சிரிக்கும். சில நாள் அவனும் சிரிப்பான். அதனால் அது விளையாட்டுதான் என்று நம்பிக்கொண்டேன். எட்டாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. ஏன் என்று நான் யாரையும் கேட்கவும் இல்லை.

படம் பார்த்து ஒரு மாசம் இருக்கும். அறை ஓனரின் தண்ணி மோட்டார் எரிந்துபோனது. பீளமேட்டில் மோட்டாருக்கா பஞ்சம்? பம்பும் மோட்டாரும் செய்தே பேர் வாங்கிய ஊர். காயில் கட்டும் கடைக்கு ஓனரின் டிவிஎஸ்ஸில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவனுக்கும்.

"வாங்க, ந... நல்லாருக்கீங்களா?"

நான் தயாராக எதையும் வைத்திருக்கவில்லை. மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு, "டேய், ஸ்கூல்ல நான் உன்னைய ரொம்ப..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாமா இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்க? மோட்டாரு நாளைக்குச் சா... சாயங்காலம் வாங்கிக்கலாமுங்க."

கோபமில்லை. சிரித்த முகம்தான். ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து 'டா' போட்டுப் பேசியவன் இப்போது எனக்கு 'ங்க' போடுகிறான். எங்கள் ஊரில் அந்த 'ங்க' மரியாதை. யாரைத் திண்ணைக்கு மேல் உள்ளே விட வேண்டாமோ, அவர்களுக்கும் அதே 'ங்க'தான்.

அன்று இரவு மாங்காவை எடுத்தேன். இஷிதா ஆஸ்பத்திரியில் கிடக்கும் நேரத்தில், மாங்கா மற்றவர்கள் பக்கம் ஒவ்வொருவராகப் போகிறது. அவரவர் கண்ணில் கதை எப்படித் தெரிந்தது என்று ஆளுக்கு ஓர் அத்தியாயம். நிஷிமியாவின் அத்தியாயத்தில் பிறர் பேச்சு அரைகுறை எழுத்துகளாகத்தான் அச்சாகியிருக்கிறது. அவளுக்குக் கேட்பது அவ்வளவுதான். பக்கத்தைப் படிக்கத் திணறும்போதுதான், ஒரு பள்ளிநாள் முழுக்க அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது புரிகிறது. படத்தில் அந்த அத்தியாயங்களில் பெரும்பகுதி இல்லை. ஏழு தொகுதிகளை இரண்டு மணி நேரச் சொச்சத்துக்குள் அடக்கும்போது எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் விட்டுப்போனது பெரும்பாலும் மற்றவர்கள் பக்கம். மீந்தது இஷிதாவின் பக்கம்.

நண்பன் சொன்னதில் பாதி சரி என்று அப்போதுதான் பட்டது. முடிவு நம்பிக்கை தருவதில் கோளாறு இல்லை. அந்த நம்பிக்கை சீண்டியவன் கண் வழியாக மட்டும் நமக்கு வந்து சேர்வதில்தான் கோளாறு. அவன் முகத்தில் வெளிச்சம் விழுகிறது, நாம் அழுகிறோம். நிஷிமியாவுக்கு அந்த விழா நாள் எப்படி இருந்தது? நான் அன்று அழுததும் நிஷிமியாவுக்காக அல்ல. என்னை மாதிரி ஒருத்தனுக்குக்கூட எக்ஸ் குறி உதிரும் என்று ஒரு படம் சொல்லிவிட்டதற்காக.

மறுநாள் சாயங்காலம் மோட்டார் வாங்கப் போனேன். எப்படி ஓட்ட வேண்டும், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும் என்று அவன் விளக்கினான். நடுவில் ஒரு வார்த்தை மாட்டிக்கொண்டது. அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். எடுத்துக்கொடுக்க வாய் வந்தது. பேசாமல் நின்றேன். அவனே சொல்லி முடித்தான்.

"வர்றேனுங்க" என்றேன்.

"சரிங்க."

அறைக்கு வந்து நண்பனிடம் சொன்னேன்: "கடைசி பத்து நிமிஷத்தைக் கட் பண்ண வேண்டாம்டா. அந்தப் பொண்ணு பக்கத்துல இருந்து இன்னும் பத்து நிமிஷம் சேர்த்திருக்கணும்."

"ஏன்டா திடீர்னு?" என்றான்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தேன்.