பாதி டாங்கி

2022 ஜூலை. யாழ்ப்பாணத்தில் ஓட்டோ ஓட்டும் அந்த அப்பா, பெற்றோல் வரிசையில் இரண்டு இரவுகள் ஓட்டோவுக்குள்ளேயே படுத்தார். மகள்தான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறகு கியூஆர் முறை வந்தது. ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர். அதை வைத்துத்தான் வீடு ஓட வேண்டும்.

நாட்டில் டொலர் இல்லை. அந்த ஒக்டோபரில் சட்டத்தைத் திருத்தினார்கள். தனியார் நிறுவனங்களும் எரிபொருளை இறக்குமதி செய்து விற்கலாம். ஆனால் தொடக்கத்தில் உள்ளூர் வங்கிகளிடம் டொலர் கேட்கக் கூடாது. 2023இல் சினோபெக் வந்தது. அதே செப்டம்பரில் கியூஆரும் நின்றது.

வரிசை இல்லாமல் போனது. ஆனாலும் டாங்கி பாதியானால் அப்பா நிரப்பிவிடுவார்.

"இன்னும் பாதி இருக்கே அப்பா?"

"அண்டைக்கும் நாளைக்கு அடிக்கலாம் எண்டுதான் இருந்தனான், பிள்ளை."